ஒரு ரிங் போதும் என்றோம்

என் அன்பு மகளுக்கு,

அம்மா ஆசியோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் எல்லாரும் கடிதத்தை ஆரம்பிப்பார்கள், ஆனால் நான் இதில் அதைக் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்கு மனப்பாடம். "நல்லா இருக்கேன்மா, நீ சாப்டியா, அப்பா எங்க, லோடு எந்தப் பக்கம்" என்று ஒரே மூச்சில் மூன்று கேள்வி கேட்டு என் வாயை அடைத்துவிடுவாய். போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைப்பாய். அதற்காகத்தான் காகிதம். போனில் நான் ஆரம்பித்தால் நடுவில் புகுந்து பேச்சை மாற்றிவிடுவாய். காகிதத்தில் புகுந்து மாற்ற முடியாது, முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும். கோபம் வந்தால் கசக்கி எறி, ஆனால் கடைசி வரைக்கும் படித்துவிட்டு எறி.

முதலில் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். குளியலறைக் குழாயை அப்பா மாற்றிவிட்டார், இப்போது சொட்டுவதில்லை, அதற்குப் பதிலாகக் கத்துகிறது. திறந்தால் மாடி வீட்டு டீச்சருக்கே கேட்கிறது. அந்த டீச்சர் உன்னை விசாரித்துக்கொண்டே இருக்கிறார், படிக்கட்டில் பார்த்தால் விடமாட்டார். உன் அறை நீ விட்டபடியே இருக்கிறது என்று சொல்ல ஆசைதான், ஆனால் பொய் சொல்ல மாட்டேன். லாரிக்கு வாங்கின புது தார்ப்பாயை அப்பா உன் மேஜை மேல் கொண்டுவந்து வைத்திருக்கிறார், ரெண்டு நாளில் எடுத்துவிடுகிறேன் என்றார், அது வருஷக் கணக்காகும் என்பது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். என் வேலையில் ஆஸ்பத்திரிக்காரர்கள் எங்கள் சலவைப் பிரிவுக்குப் புதிதாக ஒரு இஸ்திரி இயந்திரம் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் ஈரப் போர்வையை விட்டால் மறுபக்கம் அப்பளம் மாதிரி வருகிறது. எங்கள் சூப்பர்வைசர் இருக்கிறாரே, நாங்கள் நீராவி என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறவர், அந்த இயந்திரத்துக்குத் தன் பெண்ணைக் கட்டிக் கொடுக்கிறவர் மாதிரி பக்கத்திலேயே நிற்கிறார், ஒருத்தரையும் தொட விடுவதில்லை. சரி, இதையெல்லாம் எழுதி நான் நேரத்தைக் கடத்துகிறேன் என்று உனக்கே தெரிந்திருக்கும். விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் நான் வேலை முடிந்து வந்து உனக்கு அடித்தேனே, நீ குளிக்கப் போயிருந்தாய். உன் அறைத்தோழி எடுத்தாள். நல்ல பெண், நம்ம பாஷை பேசுகிறவள், குரலிலேயே ஒரு கலகலப்பு. அவள் மேல் நீ ஒரு துளி கோபப்படக் கூடாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், நீ எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியாது. எடுத்த எடுப்பில் "ஆன்ட்டி, கவலைப்படாதீங்க, தையல் எல்லாம் காஞ்சிடுச்சு, நேத்து தானே நடந்து காலேஜ் போனா" என்றாள். எனக்கு என்ன தையல் என்று கேட்கக்கூட வரவில்லை. "அப்படியாம்மா" என்று மட்டும் சொன்னேன், ஏதோ தெரிந்த மாதிரி. அந்த ஒரு சாமர்த்தியத்தால்தான் மீதியும் வந்தது. உனக்கு வயிற்று வலி வந்து சுருண்டு விழுந்ததும், அவள் ஒரு டாக்சியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனதும், அப்பென்டிக்ஸ் என்று அன்றைக்கே ஆபரேஷன் செய்ததும். யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று நர்ஸ் கேட்டபோது நீ இவளைக் காட்டினாயாம். இவள் பயந்துபோய் "உங்க வீட்டுக்கு நான் பேசட்டுமா" என்று கேட்டிருக்கிறாள். அதற்கு நீ அந்த வலியிலும் சிரித்துக்கொண்டு, "எங்க வீட்ல போன் அடிச்சா எடுக்க மாட்டாங்க, நான் நல்லா இருக்கேன்னு நினைச்சுப்பாங்க" என்றாயாம். அதை அவள் என்னிடம் ஒரு ஜோக்காகச் சொன்னாள். நீ அவளுக்கு ஜோக்காகத்தானே சொல்லியிருக்கிறாய். நீ போன வழியில், விமானம் மாறுகிற ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்ட கதையையும் அப்படியே சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். நானும் சிரித்தேன் கண்ணு. சிரித்துவிட்டு போனை வைத்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்ட அந்தக் காலை நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அதுதான் கஷ்டம். நீ விமானம் ஏறிப் போன மறுநாள். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், அப்பா அன்றைக்கு லோடு எடுக்காமல் வீட்டில் இருந்தார். போன் அடித்தது, பார்த்தால் நம்ம ஊர் நம்பர் இல்லை, நீளமாக ஏதோ வெளிநாட்டு நம்பர். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பொண்ணு இறங்கிட்டா" என்று கத்தினார். நான் எடுக்கக் கையை நீட்டினேன், அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "எடுக்காதே, எடுத்தா அவளுக்குத்தான் காசு போகும், ஒரு ரிங் விடச் சொல்லித்தானே அனுப்பினோம்" என்றார். ஏர்போர்ட் வாசலில் உனக்கு அவர் சொன்ன கடைசிப் பேச்சே அதுதானே, இறங்கினதும் ஒரு ரிங் விடு போதும், நாங்க எடுக்க மாட்டோம், புரிஞ்சுக்கிறோம் என்று. அப்பா லாரி ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து இந்த வீட்டில் நடக்கிற வழக்கம்தானே. ஒரு ரிங் விட்டு வைத்தால் போய்ச் சேர்ந்தாயிற்று. ரெண்டு ரிங் என்றால் இன்றைக்கு வர மாட்டேன், சாப்பாடு வைக்காதே. மூன்று என்றால் ஊருக்குள் நுழைந்துவிட்டேன், தண்ணீர் சுட வை. நீ பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்னாலேயே ரிங்கை எண்ணக் கற்றுக்கொண்டவள். ஆனால் அன்றைக்கு அந்த போன் ஒரு ரிங்கில் நிற்கவில்லை, அடித்துக்கொண்டே இருந்தது, அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. எனக்கு மனசில் ஏதோ இடறியது. "என்னங்க, நம்ம ரிங் இப்படி நீளாதே" என்றேன். அப்பா, "அங்கத்து போன் புதுசு, எப்படி வைக்கிறதுன்னு தெரியாம முழிக்கிறா" என்றார். மூன்றாவது தடவை அடித்தபோது, "பாரு, எவ்வளவு சந்தோஷம் பாரு அவளுக்கு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் அதை நம்பினேன். நம்ப எனக்கு ஆசையாக இருந்தது, அதனால் நம்பினேன். போனை மேஜையில் நடுவாக வைத்துவிட்டு, ஏதோ பாட்டுக் கேட்கிற மாதிரி ரெண்டு பேரும் நின்று கேட்டோம்.

அங்கே நீ எப்படி நின்றாய் என்பதை உன் தோழி சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதல் விமானம் தாமதமாகப் போய், அடுத்த விமானம் உன்னை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. மறுநாள்தான் இன்னொன்று என்று சொல்லிவிட்டார்கள். உன் சிம் அங்கே வேலை செய்யவில்லை, ஏர்போர்ட் வைஃபையோ உன் நம்பருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால்தான் திறக்குமாம், சிம் இல்லாமல் செய்தி எங்கே வரும். கடைசியில் கவுன்டரில் இருந்த ஒரு பெண் பாவம் பார்த்துத் தன் மேஜை போனைத் தள்ளி வைத்திருக்கிறாள். நீ அடித்தாய். எடுக்கவில்லை. "இதோ எடுத்துடுவாங்க" என்று அவளிடம் சொல்லிவிட்டு இன்னும் ரெண்டு தடவை அடித்தாய். பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்ததாம். அப்புறம் "வீட்ல யாரும் இல்ல போல" என்று நீயே அவளுக்குச் சமாதானம் சொல்லிவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தாயாம். யாரும் இல்லாமல் இல்லை, ரெண்டு பேரும் இருந்தோம். நீ வெளியூருக்கு பஸ்ஸில்கூடத் தனியாகப் போனவள் இல்லை. ஏர்போர்ட் நாற்காலி ஒன்றில் பையின் வாரைக் காலில் சுற்றிக்கொண்டு தூங்காமல் கிடந்தாய் என்று அவள் சொன்னாள். அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா, சலவைப் பிரிவு முழுக்க பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் பொண்ணு போய் இறங்கிட்டா என்று நீராவியிடம்கூடப் போய்ச் சொன்னேன், அந்த மனுஷனே சிரித்தார்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது, அதை எழுத எனக்குக் கை கூசுகிறது. மறுநாள் சாயங்காலம் நீ "வந்துட்டேன்" என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்பினாய். அதற்கு நான் என்ன பதில் அனுப்பினேன் என்று போனில் மேலே தள்ளித் தள்ளித் தேடிப் பார்த்தேன். "தெரியும் கண்ணு, நேத்து நீ அடிச்சப்பவே தெரிஞ்சிடுச்சு, நாங்க கேட்டுக்கிட்டேதான் இருந்தோம், ரொம்ப சந்தோஷம்" என்று அனுப்பியிருக்கிறேன். நீ அதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்று போட்டாய். அவ்வளவுதான். ஏன் எடுக்கலை என்று ஒரு வார்த்தை நீ கேட்டிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம், உனக்கா சண்டை போடத் தெரியாது. பள்ளிக்கூட பஸ்ஸுக்கு உன்னை ஐந்து நிமிஷம் தாமதமாக எழுப்பினதற்கு மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்தவள் நீ. இதற்கு ஒரு கட்டைவிரலோடு விட்டுவிட்டாய். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த "நல்லா இருக்கேன்மா" எல்லாம் என்று இப்போது புரிகிறது. வாரா வாரம் பேசினாய், சிரித்தாய், பனி விழுகிற படம் அனுப்பினாய். நானும் என் பெண் பெரியவளாகிவிட்டாள், ஒரு குறையும் சொல்வதில்லை என்று டீச்சரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

யோசித்துப் பார்த்தால் நம்ம வீட்டு ரிங்கில் எல்லாம் இருந்தது, கஷ்டத்துக்கு மட்டும் ஒரு எண் வைக்கவில்லை. அப்பா ஒரு தடவை மலைப்பாதையில் பிரேக் போய்ப் பாறையில் மோதி நின்றபோதும், வண்டி சரியாகிக் கிளம்பின பிறகு ஒரே ரிங்தான் விட்டார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினபோதுதான் தோள் கன்றிப்போயிருந்தது எனக்குத் தெரிந்தது. நானும் அப்படித்தான், அவர் ரோட்டில் இருக்கும்போது உனக்குக் காய்ச்சல் வந்தால் சொன்னதே இல்லை, வந்ததும் சரியாகிவிட்டது என்று சொல்வேன். நல்லதை மட்டும் சொல்கிற வீடு என்று நினைத்துக்கொண்டிருந்தோம், உனக்கு நாங்கள் கற்றுக்கொடுத்தது கெட்டதை வாய்க்குள் வைத்துக்கொள்வதைத்தான். என் வேலையில் ஆபரேஷன் அறைத் துணி மட்டும் தனி மூட்டையில் வரும். ரத்தக் கறையை முதலில் பச்சைத் தண்ணீரில் போட வேண்டும், சுடுதண்ணீர் பட்டால் கறை போகாது என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுப்பேன். அந்த மூட்டையைப் பிரிக்கும்போது இது யார் பெற்ற பிள்ளையோ என்று ஒரு நிமிஷம் தோன்றும், அப்புறம் வேலை இழுத்துக்கொண்டு போய்விடும். நீ அங்கே படுத்திருந்த நாளிலும் நான் இங்கே யார் யாருடையதையோ பிரித்து அலசிக்கொண்டிருந்திருக்கிறேன். உன்னுடையதை அங்கே எவளோ ஒருத்தி பிரித்திருப்பாள். அவளாவது ஒரு நிமிஷம் நினைத்தாளோ என்னவோ.

உன் தோழி சொன்னதைக் கேட்டதும் நான் அப்பாவுக்கு அடித்தேன். அவர் லோடோடு வெளியூரில் இருந்தார். அவர் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார், நான் அடித்தால் அவர் எண்ணுவார், எடுக்க மாட்டார். மறுபடி அடித்தேன். மறுபடி. "எடுங்களேன், எடுங்களேன்" என்று அந்த மணிச் சத்தத்தோடு பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் ஆள் இருக்கிறார், போன் கையிலேயே இருக்கிறது, நான் அடிப்பது கேட்கிறது, ஆனாலும் எடுக்க மாட்டார் என்று தெரிந்துகொண்டு காதில் வைத்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நானாவது என் வீட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தேன். அப்பா ரெண்டு நாள் கழித்து வந்து வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வரும்போதே, "என்ன, அத்தனை தடவை அடிச்சே, அவ்வளவு நல்ல செய்தியா" என்று முகமெல்லாம் பல்லாகக் கேட்டார். நான் சொன்னேன். ஏர்போர்ட்டையும் சொன்னேன், ஆபரேஷனையும் சொன்னேன், நீ தோழியிடம் சொன்ன அந்த ஜோக்கையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் தனியாகச் சுமக்க எனக்குத் தெம்பு இல்லை. அவர் அப்படியே திரும்பிப் போய் லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். சாவி போடவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். நான் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், மடியில் வைத்துக்கொண்டு, "நான்தானே உன் கையைப் பிடிச்சேன்" என்றார். பிடித்தது அவர்தான். உதறிவிட்டு எடுத்திருக்கலாமே, மூட்டை தூக்கிப் பழகின கைதானே என் கை, நான் உதறவில்லை. அதைத்தான் அவரிடம் சொன்னேன், உன்னிடமும் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா திடீரென்று உனக்கு அடித்தாரே, ஏன் என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறேன் என்று முறுக்கிக்கொண்டுதான் போனை எடுத்தார். நீ "நல்லா இருக்கேன்பா" என்றதும் "சாப்டியாம்மா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அப்பாவுக்கு என்னாச்சு என்று நீ பிறகு எனக்குச் செய்தி அனுப்பினாய், நான் டவர் சரியில்லை என்று பொய் சொன்னேன். இப்போது அவர் அடிக்கிற போனையெல்லாம் எடுக்கிறார், வண்டியை ஓரம் கட்டிவிட்டு எடுக்கிறார், கடன் வேண்டுமா சார் என்று கேட்கிற பெண்ணுக்குக்கூட, "இல்லம்மா, நீ சாப்டியா" என்று பதில் சொல்கிறார். லோடு கொடுக்கிற முதலாளி, உன் புருஷனுக்கு என்னாச்சு, முதல் ரிங்லயே எடுக்கறாரு, பயமா இருக்கு என்று என்னிடம் கேட்டார். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளிநாட்டு நம்பர் ஒன்று தவறிப்போய் வந்தால் அவர் முகம் போகிற போக்கைப் பார்த்தால் சிரிப்பு வராது.

இப்போது உனக்குக் கொஞ்சம் புத்தி சொல்கிறேன், கேட்டுக்கொள். எடை தூக்காதே, அந்த மடிக்கணினிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறாதே. தையல் போட்ட இடம் சிவந்தாலோ சூடாக இருந்தாலோ டாக்டரைப் போய்ப் பார், அதுவாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதே. அந்தத் தோழியிடம் நான் கேட்டதாகச் சொல், அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டு எழுது. எங்களை மன்னித்துவிடு என்று கேட்க நினைத்தேன். அப்புறம் வேண்டாம் என்று விட்டேன். கேட்டால் உடனே மன்னித்துவிட்டேன் என்பாய், அதுவும் இன்னொரு "நல்லா இருக்கேன்" ஆகிவிடும். எனக்கு அது வேண்டாம். கோபமாக இருந்தால் கோபமாகவே பேசு. கத்து. ஏன் எடுக்கலை என்று கேள். நான் எடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தலை முதல் கால் வரை ஒரு நோவு இல்லாமல் நீ நூறு வயசு இருக்க வேண்டும், படிக்கப் போன படிப்பை முடித்து நிமிர்ந்து நடக்க வேண்டும், அதுதான் அப்பாவும் நானும் கொடுக்கிற ஆசி. ஒன்றே ஒன்றை மறக்காதே. இனி ஒரு தடவை, வரக் கூடாது, வந்தால், யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அங்கே எவராவது கேட்டால் எங்களைச் சொல். கேட்டதும் கிளம்பி வர எங்களால் முடியாது, அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். உன் பக்கத்தில் நின்று ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கக்கூட முடியாது. ஆனால் அன்றைக்கு உனக்காகப் பயந்து சாக வேண்டிய வேலை எங்களுடையது கண்ணு, அதை அந்தப் பெண் செய்தாள்.

இப்படிக்கு,
உன் கோபத்துக்குக் காத்திருக்கும்
அம்மா